பிரதிவாதி பக்கத்துக் கிணறு

1954 பெப்ரவரி 9

இன்று மத்தியானம் மருதோடைக்கு வந்து சேர்ந்தேன். லொறி என்னை இறக்கிவிட்டுத் தூசி கிளப்பிக்கொண்டு போனபின் முன்னால் பார்த்தேன், காடு. பின்னால் பார்த்தேன், அங்கேயும் காடு. நிலம் பகிர்ந்து கொடுக்கும் காணிக் கச்சேரியில் என் பெயரை வாசித்து, "வன்னியிலை உமக்கு ரெண்டு ஏக்கர் மேட்டுக்காணி, பேந்து குளத்துக்குக் கீழை வயல்" என்று சொன்னபோது, அந்த இரண்டு ஏக்கரிலும் மரம் நிற்கும் என்று யாரும் சொல்லவில்லை. காணி என்றால் வேலியும் கிணறும் நாலு தென்னையும் என்று நினைத்து வளர்ந்த யாழ்ப்பாணத்தான் நான். கேட்கத் தோன்றவில்லை.

அரசாங்கத்தின் நிபந்தனை ஒன்றுதான். இந்த வருடம் மாரிமழை விழுமுன் இரண்டு ஏக்கரையும் வெட்டி எரித்து முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் பெமிட் என்கிற அனுமதிப் பத்திரம் இரத்து. காணி அடுத்த ஆளுக்குப் போகும்.

ஏன் வந்தேன் என்பதையும் எழுதிவைக்கிறேன், இடுப்பு முறிகிற நாளில் எனக்கே மறந்துவிடக்கூடும். அக்காவின் சீதனத்துக்கு வீடு போனது. தங்கச்சியின் சீதனத்துக்குத் தோட்டக்காணி போனது. இருவரும் நன்றாக இருக்கிறார்கள். எனக்கு மிஞ்சியவை ஐயாவின் குடையும், வழக்குப் பேசும் பிரக்கிராசியார் கந்தோரில் கிளாக்கு வேலையும். அங்கே இருந்து பதினொரு வருடம் வேலி வழக்குகளை நகல் எடுத்தேன். அவன் வேலியை இவன் பக்கம் அரையடி தள்ளினான், இவன் வேலிக் கதியாலை அவன் பிடுங்கினான் என்று ஊரார் எல்லையெல்லாம் எனக்கு மனப்பாடம். சோமாஸ்கந்தன் என்ற பெயரில் மட்டும் ஒரு சாண் எல்லை இல்லை.

கொண்டுவந்த சாமான்: கோடரி, மண்வெட்டி, அரிசி, குடை, இரண்டு கட்டுக் கிளுவைக் கதியால். லொறிக்காரன் கட்டை இறக்கும்போது, "காட்டுக்குத் தடி கொண்டுபோற ஆளை இண்டைக்குத்தான் பாக்கிறன்" என்றான். கிளுவை நட்டால் துளிர்க்கும், வேலி என்றால் அதுதான் வேலி என்று விளக்கினேன். அவன் அதைக் கேட்க நிற்கவில்லை.

பெப்ரவரி 11

மேற்கே உள்ள காணிக்காரர் மரியாம்பிள்ளை. மன்னார்ப் பக்கம். வந்து கொட்டில் போட உதவினார். நல்ல மனிதர், வாய்தான் கொஞ்சம் கூட.

"சோமர், முதல்லை கிணத்தை வெட்டும்" என்றார்.

"முதல்லை வேலி" என்றேன்.

"ஆரிட்டை இருந்து மறைக்க? குரங்கிட்டை இருந்தோ?"

சிரித்துவிட்டுப் போய்விட்டேன். கிழக்கு எல்லையில் அரசாங்கம் அடித்த முளைக்கட்டைகளைக் காணவில்லை. கறையான் தின்றிருக்க வேண்டும். கோணல் பாலைமரம் ஒன்று நிற்கிறது. அதுதான் எல்லை என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று இங்கே எழுத இடமில்லை. அந்தப் பாலையிலிருந்து நேராகக் கயிறு பிடித்துக் கதியால் நட்டேன்.

பெப்ரவரி 14

எனக்கு இடுப்பு என்று ஒன்று இருக்கிறது. இத்தனை வருடம் அதன்மேல் உட்கார்ந்திருந்தும் தெரியவில்லை.

பெப்ரவரி 21

கிழக்குக் காணியில் வடமராட்சிப் பக்கத்து வல்லிபுரத்தாரும் மகளும் இருக்கிறார்கள். எனக்கு ஒரு வருடம் முந்தி வந்தவர்கள். தாய் இல்லை. மகள் தையல்நாயகி இன்று வேலியடிக்கு வந்தா. முப்பது வயதுக்குள் இருக்கும். கையில் காட்டுக்கத்தி.

"எல்லை உதிலை இல்லை. நீங்கள் எங்கடை பக்கம் வந்து நிக்கிறியள்."

"ஆர் சொன்னது?"

"முளை அடிக்கேக்கை நாங்கள் பக்கத்திலை நிண்டனாங்கள். நீங்கள் அப்ப யாழ்ப்பாணத்திலை."

எல்லை, ஆட்சி, அனுபோகம் பற்றி எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். கந்தோரில் கட்சிக்காரர் வாய் திறந்து கேட்கும் பேச்சு அது. இந்தப் பிள்ளை கொட்டாவி விட்டா.

"ஆரடி அது?" என்று கொட்டிலுக்குள்ளிருந்து தகப்பன் குரல் வந்தது.

"அண்ணை, நான் பக்கத்துக் காணி சோமாஸ்கந்தன். ஒருக்கா வெளியிலை வாருங்கோ, கதைப்பம்" என்றேன்.

"அவருக்கு நேரமில்லை" என்றா மகள்.

ஆக, இன்றிலிருந்து நான் வாதி. அந்தப் பிள்ளை பிரதிவாதி. இந்தப் புத்தகத்திலும் அப்படியே எழுதுவேன்.

மார்ச் 8

காலையில் பார்த்தால் என் வேலி ஒரு சாண் என் பக்கம் வந்திருக்கிறது. கதியால் தானாக நடக்காது. பிடுங்கிப் பழைய இடத்தில் நட்டேன். காடு வெட்டும் வேலை இன்று நடக்கவில்லை.

மார்ச் 10

மறுபடி ஒரு சாண். மறுபடி நட்டேன்.

மார்ச் 13

மரியாம்பிள்ளை வந்து பார்த்தார். "ஐசே, அந்தப் பக்கம் முல்லைத்தீவு மட்டும் காடு. இந்தப் பக்கம் மன்னார் மட்டும் காடு. நடுவிலை நிண்டு நீங்கள் ரெண்டுபேரும் ஒரு சாணுக்கு அடிபடுறியள்."

இது சாண் விஷயமில்லை, நியாய விஷயம் என்றேன். ஒரு சாண் விட்டால் அடுத்த வருடம் வேலி அடைக்கும்போது ஒரு முழம் போகும், பேரப்பிள்ளை காலத்தில் வாசல்படி போகும். எத்தனை வழக்கில் பார்த்திருக்கிறேன்.

"பேரப்பிள்ளையோ? உமக்கு முதல்லை பெண்சாதி வரட்டும்" என்றார்.

ஏப்பிரல் 4

கிணறு வெட்டுகிறோம். மரியாம்பிள்ளையும் வேறு இரண்டு பேரும் வேலைக்கு வேலை என்று கைமாற்றாக வந்தார்கள். என் காணியில் நல்ல ஈரமான இடம் கிழக்குப் பக்கம், வேலிக்குக் கிட்ட. அங்கேயே வெட்டினோம். ஆள் ஆழம் போனதும் மண்வெட்டி கல்லில் பட்டது. கல்லில்லை, செங்கல். வட்டமாகக் கட்டிய பழைய கிணறு ஒன்று, வேர் மூடிக் கிடக்கிறது. அகலமான செங்கல், இப்போது யாரும் அப்படிச் சுடுவதில்லை.

மரியாம்பிள்ளை தொப்பியைக் கழற்றினார்.

"உமக்கு முந்தி ஆரோ வந்திட்டினம், சோமர். அவையளும் வேலி போட்டிருப்பினமோ?"

அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. தூர் எடுக்கும் வேலையைத் தொடரச் சொன்னேன். தண்ணீர் நல்ல தண்ணீர். கிணற்றைச் சுற்றி நான் வெட்டி வெளியாக்கிய அரை ஏக்கர்தான் இப்போது என் காணியில் காணி மாதிரி இருக்கிறது. இருபது வாழைக்குட்டி வைத்தேன்.

ஏப்பிரல் 27

விடியப்புறம் யானை வந்தது. ஒற்றை யானை. அதற்கும் ஒரு பாதை இருக்கிறது போலும், வாதியின் வேலியையும் பிரதிவாதியின் ஆட்சேபணையையும் ஒன்றாக மிதித்துக்கொண்டு போனது. வாழையில் பாதி இல்லை. நான் கொட்டிலுக்குள் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு இருந்தேன். ஏன் விரித்தேன் என்று தெரியவில்லை.

விடிந்ததும் நான் என் எல்லையில் கதியால் நடத் தொடங்கினேன். பிரதிவாதியும் வந்து தன் எல்லையில் நடத் தொடங்கினா. மத்தியானம் நிமிர்ந்து பார்த்தால் இரண்டு வேலி நிற்கிறது, நடுவில் ஒரு சாண் ஒழுங்கை. அதில் ஓணான் ஒன்று போய்வந்துகொண்டிருந்தது.

மே 19

வல்லிபுரத்தாரைப் பற்றி ஒன்று எழுத வேண்டும். தினமும் விடியும் முன்னரே கிழக்குப் பக்கத்தில் கோடரிச் சத்தம் கேட்கிறது. நான் எழும்பி முகம் கழுவுமுன் ஒரு மரம் விழுந்திருக்கும். வயதான மனிதருக்கு நல்ல உழைப்பு. ஆனால் ஒருநாளும் வேலிப் பக்கம் தலை காட்டுவதில்லை. குடியேற்ற வேலையை மேற்பார்க்கும் ஓவசியர் வரும்போதெல்லாம், "ஐயா குளத்தடிக்குப் போயிட்டார்" என்று மகள் சொல்லுவா. குற்றமுள்ள மனம் என்பதால் என்னைக் கண்டு ஒளிக்கிறார் என்று முடிவு செய்தேன்.

யூன் 6

இன்று ஒரு காரியம் செய்தேன். ஓவசியர் என் கொட்டிலில் தேத்தண்ணி குடிக்கும்போது, கிழக்கு எல்லை பிழை, நிலம் அளக்கும் சேவையரைக் கூட்டிவந்து சங்கிலி பிடிக்க வேண்டும் என்று சொன்னேன். காணி அதிகாரிக்குச் சொல்வதாக ஏற்றுக்கொண்டார்.

சொன்னதை வேலிக்கு மேலால் பிரதிவாதிக்கும் அறிவித்தேன். முகம் செத்துப்போனது.

"சேவையரோ? தனிய வருவாரோ, காணி அதிகாரியும் கூட வருவாரோ?"

"எல்லாரும்தான் வருவினம்."

உள்ளே போனா. வழக்கு என் பக்கம். சந்தோஷமாகப் படுத்தேன். சந்தோஷம் என்றால் நித்திரை வர வேண்டும். வரவில்லை. நுளம்புக் கடி.

யூன் 23

காய்ச்சல்.

யூன் 29

எழுத இன்றுதான் கை நின்றது. மரியாம்பிள்ளை ஊருக்குப் போயிருந்த சமயம் பார்த்துக் காய்ச்சல் பிடித்தது. கண் திறந்த நேரமெல்லாம் தலைமாட்டில் கஞ்சிப்பானை இருந்தது. கொத்தமல்லித் தண்ணியும் வந்தது. மூன்றாம் நாள்தான் யார் என்று பார்த்தேன். பிரதிவாதி.

"நீர் ஏன்..." என்று தொடங்கினேன்.

"பக்கத்திலை ஒராள் செத்தால் மணக்கும்" என்று சொல்லிப் பானையை வைத்துவிட்டுப் போனா.

கஞ்சி குடித்தது வழக்கை எந்த வகையிலும் பாதிக்காது என்று இங்கே பதிவு செய்கிறேன். கஞ்சியில் உப்பு அளவு. அந்த நாட்களில் கோடரிச் சத்தமும் கேட்கவில்லை. பாவம், வல்லிபுரத்தாருக்கும் காய்ச்சலாக்கும்.

யூலை 2

பானையைக் கொடுக்கப் போனேன். பிரதிவாதி இல்லை. உள்ளே, "ஆரது? வாரும்" என்ற குரல். போனேன்.

வல்லிபுரத்தார் கட்டிலில் இருந்தார். இடது கால் முழங்காலுக்குக் கீழே வளைந்து, விறகுக்கட்டை மாதிரி காய்ந்து கிடந்தது. போன வருடம் வெட்டிய வீரைமரம் காலில் விழுந்ததாம். ஆஸ்பத்திரியால் வந்தபின் ஒரு அடி நடந்ததில்லை.

"அப்ப விடியக்காலமை மரம் வெட்டுறது ஆர்?" என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது. நான் நல்ல கிளாக்கு, நகல் எடுப்பேன். விளங்குவதற்கு மட்டும் காலம் பிடிக்கும்.

"வேறை ஆர், தம்பி. பொம்பிளைப்பிள்ளை மரம் வெட்டுறதை ஆரும் கண்டால் பெமிட்காரராலை வேலைசெய்யேலாதெண்டு மேலை கதை போகும். அதுதான் விடியமுந்தி. உம்மடை காய்ச்சலோடை கொஞ்சம் பிந்திப் போச்சு."

அப்போது தையல்நாயகி வந்தா. தோளில் கோடரி. என்னைக் கண்டதும் அதை மறைக்கப் பார்த்து, பிறகு மறைக்கவில்லை.

"சேவையரைக் கூப்பிட்டது நீங்கள். அதிகாரியும் வருவார். ஐயாவைக் காட்டு எண்டு கேப்பார். வெட்டினது காணாது எண்டும் சொல்லுவார். பேந்து எங்களுக்குப் போக ஊரிலையும் இடம் இல்லை. ஒரு சாணுக்குத்தானே? எடுங்கோ. ரெண்டு சாணாய் எடுங்கோ."

பானையை எங்கே வைப்பது என்று தெரியாமல் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். இப்போது எதிரில் இருக்கிறது. வெட்கமாக இருக்கிறது. இதைச் சட்டத் தமிழில் எழுதத் தெரியவில்லை.

யூலை 4

ஓவசியரிடம் ஓடினேன். வேலிப் பிரச்சினை தீர்ந்துவிட்டது, சேவையர் வேண்டாம் என்றேன். "மேலை போயிட்டுது, இனி நிப்பாட்டேலாது. நீர்தானே கேட்டனீர்?" என்றார்.

நான்தான் கேட்டேன்.

யூலை 11

மரியாம்பிள்ளை மன்னாரால் வந்துவிட்டார். நடந்ததைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "நீர் அந்தாளை என்னெண்டு கூப்பிடுறனீர்?" என்று கேட்டார்.

"அண்ணை எண்டு."

"அப்ப அந்தப் பிள்ளை உமக்கு மகள் முறை."

"அதுக்கென்ன?"

"ஒண்டுமில்லை. கேட்டன்."

இன்று மாலை வல்லிபுரத்தாரைப் பார்க்கப் போனபோது அவரை ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை. ஒரு மணித்தியாலம் "இஞ்சை பாருங்கோ", "கேட்டியளோ" என்றே சமாளித்தேன். பிரதிவாதி தேத்தண்ணி தரவில்லை.

ஓகஸ்ட் 5

வெட்டுகிறேன், வெட்டுகிறேன். தையல்நாயகியின் காணியிலும் போய் வெட்டலாமா என்று கேட்டேன். "உங்கடையிலை நிக்கிற காட்டைப் பாருங்கோ" என்று பதில். என் காணியில் இன்னும் நிறைய நிற்கிறது. வேலி நட்ட நாட்களில் மரம் வெட்டியிருந்தால் நிற்காது.

ஓகஸ்ட் 18

இன்று வந்தார்கள். காணி அதிகாரி, சேவையர், சங்கிலி பிடிக்க இரண்டு பேர், பின்னால் ஓவசியர். வேடிக்கை பார்க்கக் குடியேற்றத்தில் பாதி.

நேற்று நாங்கள் ஒரு ஏற்பாடு செய்திருந்தோம். அதன்படி இன்று காலை வல்லிபுரத்தாரை நானும் மரியாம்பிள்ளையும் தூக்கிவந்து வேலியடியில் இருத்தினோம். வேலி கட்டுகிற வேலையை இருந்தபடியே செய்யலாம். கால் தெரியாமல் அதன்மேல் இலைக்குழை குவித்தோம். கையில் கட்டுக்கயிறு. மனிதர் அதற்குள் எங்கள் இருவரையும் நாலு ஏச்சு ஏசினார், ஏதோ காலை முதல் வேலை செய்தவர் மாதிரி.

சேவையர் தன் படத்தைப் பார்த்தார், திசைகாட்டியைப் பார்த்தார், சங்கிலியை இழுத்தார். இழுத்தார், இழுத்தார், என் வேலியைத் தாண்டி என் பக்கமாக இழுத்துக்கொண்டே வந்தார். கிணற்றையும் தாண்டி, வாழையையும் தாண்டி, இந்தப் பக்கம் வந்து ஒரு முளையை அடித்தார்.

"இதுதான் எல்லை" என்றார்.

சனம் சிரித்தது. ஒரு சாணுக்கு வழக்குப் பேசிய நான் அரை ஏக்கரை விழுங்கி, அதன் நடுவில் கிணறும் வெட்டியிருந்தேன். முளை போனபின் தையல்நாயகியும் குத்துமதிப்பாகத்தான் ஒரு சாண் சொல்லியிருக்கிறா. பாலைமரத்தைப் பார்த்தேன். அதுவும் கோணலாக நின்றது.

அதிகாரி சிரிக்கவில்லை. கிழக்குக் காணியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து என்னைத் தனியே கூப்பிட்டார்.

"வல்லிபுரத்தின்ரை காணியிலை வெட்டினது காணாது. அங்கை அந்தக் கிழவரை விட வேலைசெய்ய ஆம்பிளை ஆளும் இல்லை எண்டு கேள்வி. இந்தப் பெமிட்டை இரத்துச் செய்தால், கிணறு நீர் வெட்டினதெண்டபடியால் உமக்கே சேத்துத் தர எழுதலாம். என்ன சொல்லுறீர்?"

நான்கு ஏக்கர், கிணற்றோடு. தலை ஆட்டினால் போதும். பொய் எழுத மாட்டேன்: ஒரு கணம் அந்த நான்கு ஏக்கரையும் வேலி போட்டுப் பார்த்தேன். வேலி அழகாகத்தான் இருந்தது. அதற்கு அப்பால் யாரும் இல்லை.

"இல்லை ஐயா. அந்தத் துண்டு அவையின்ரைதான். கிணத்தடியை வெட்டினதும் அவைக்காகத்தான். அதையும் சேத்தால் அவைக்குக் கணக்குச் சரி வரும்."

பதினொரு வருடம் மற்றவர்களின் பொய்யை அழகான எழுத்தில் நகல் எடுத்தவன், சொந்தமாக ஒன்று சொல்ல வியர்த்துப்போனேன். அதிகாரி நம்பாமல் பார்த்தார். ஏதாவது செய்ய வேண்டும் என்று வேலியடிக்குப் போய் வாயில் வந்ததைச் சொன்னேன்:

"மாமா, இந்தக் கதியாலை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டுங்கோ."

மரியாம்பிள்ளைக்கு இருமல் வந்தது. வல்லிபுரத்தார் என்னை ஒருதரம் மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "எனக்குப் படிப்பிக்க வந்திட்டாய். நீ போய்க் கத்தியைத் தீட்டு" என்றார். அதுவரை என்னை நீர் என்றுதான் சொல்லுவார்.

"ஓ, சொந்தக்காரரோ?" என்றார் அதிகாரி. "முதலே சொல்லியிருக்கலாமே. அப்ப ஆள்பலம் இருக்கு." ஓவசியரிடம் ஏதோ எழுதச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "இப்ப குறைவு உம்மடை காணியிலைதான். மழைக்கு முந்தி முடிக்காட்டி உம்மடை பெமிட் போகும்" என்றார்.

தையல்நாயகி கொட்டில் வாசலில் நின்றா. சிரிப்பாவோ என்று பார்த்தேன். இல்லை.

ஓகஸ்ட் 19

காலையிலேயே வந்தா.

"ஆரைக் கேட்டு ஐயாவை மாமா எண்டனீங்கள்?"

"வாயிலை வந்திட்டுது."

"காணியைக் காப்பாத்தச் சொன்னதோ? இல்லாட்டி..."

மிச்சத்தை அவ சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இந்த இடத்தில் ஒரு மனிதன் ஏதாவது பேச வேண்டும். நான், "வாழை இனி உங்கடைதான், குலையை நீங்களே வெட்டலாம்" என்றேன்.

ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டா. மரியாம்பிள்ளை சொல்வதுபோல் நான் படித்த ஆள்தான். எங்கே படித்தேன் என்று கேட்காதிருந்தால் சரி.

செப்டெம்பர் 1

புது எல்லையில் வல்லிபுரத்தார் நகர்ந்து நகர்ந்து வேலி கட்டுகிறார். கதியால் தூக்கிக் கொடுப்பது மரியாம்பிள்ளை. நான் போனால், "உன்ரை காட்டை வெட்டு" என்று துரத்துகிறார். கிணறு அந்தப் பக்கம் போய்விட்டது. கேட்டால் தண்ணீர் தருவார்கள். கேட்க முகமில்லை. குளத்திலிருந்து அள்ளிவருகிறேன். போகவர ஒரு மைல். ஊற்றிக் குளிக்கும்போது பாதி சேறு.

செப்டெம்பர் 9

கை எல்லாம் கொப்புளம். அரை ஏக்கருக்கு மேல் நிற்கிறது, முழுவதும் வீரையும் பாலையும். மழை இந்த முறை முந்தி வரும் என்கிறார்கள். வெட்டிய மரம் காய வேண்டும், எரிய வேண்டும். முடியாது என்று எனக்குத் தெரியும்.

யாரும் இதை வாசிக்கப் போவதில்லை, எழுதிவிடுகிறேன். எனக்குத் தையல்நாயகியில் விருப்பம். காணி போனாலும் போகட்டும், ஆனால் போனால் நான் இங்கிருந்து போக வேண்டும். அதற்குத்தான் மனம் வரவில்லை. காணி கேட்டு வந்தவன், இப்போது பக்கத்துக் காணிக்காக அழுகிறேன்.

செப்டெம்பர் 10

விடியமுந்தி கோடரிச் சத்தம். வழக்கம்போல என்று புரண்டு படுத்தேன். பிறகு எழும்பி இருந்தேன். சத்தம் கிழக்கே இல்லை, என் கொட்டிலுக்குப் பின்னால்.

ஓடிப்போய்ப் பார்த்தால் என் காணியில் தையல் நிற்கிறா. ஒரு வீரை பாதி வெட்டுண்டு நிற்கிறது.

"நீர் எப்பிடி வந்தனீர்? படலை அந்தப் பக்கம் எல்லே?"

"வேலியைப் பாருங்கோ."

பார்த்தேன். கிணற்றுக்கு நேரே புது வேலியில் ஒரு பொட்டு. எங்கள் ஊரில் அயலவர் போய்வர விடுவார்களே, ஆள் குனிந்து நுழையும் அளவு வழி, அதேதான். ஓரங்களை வல்லிபுரத்தார் வழவழவென்று கட்டியிருக்கிறார்.

"விட்டது ஐயா. நான் சொல்லேல்லை" என்றா. "குளத்துச் சேத்திலை குளிச்சு ஒராள் நாறிக்கொண்டு திரியிறதை அவராலை பாக்கேலாதாம்."

பதினொரு வருடப் பழக்கம் விடுமா? "பொட்டு விடமுந்தி யோசிச்சிருக்க வேணும்" என்றேன். "பத்து வருசம் விடாமல் புழங்கினால் அது சட்டப்படி உரிமைப் பாதை ஆகிப்போடும். பேந்து அடைக்கேலாது."

கோடரியை மரத்தில் விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தா.

"புழங்கினால்தானே ஆகும்?"

"ஓம்."

"அப்ப வாளியை எடுத்துக்கொண்டு வாங்கோ."

போனேன். குனிய மறந்து கதியாலில் நெற்றி இடித்தது. பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஏழு மாதத்தில் முதல் தடவை.

"நான் வெட்டுறதுக்குக் காரணம் வேறை ஒண்டும் இல்லை" என்று பிறகு சொன்னா. "இன்னொராள் வெட்டின வெளியிலை நான் சும்மா குந்தியிருக்க மாட்டன்."

நான் நம்பினேன் என்று சொன்னேன்.

செப்டெம்பர் 24

தையல் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், மரியாம்பிள்ளையும் அவர் மனைவியும் ஒரு பக்கம். நான் ஒரு மரம் விழுத்துகிற நேரத்தில் தையல் இரண்டு. விழும் மரத்துக்கு எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று என்னை இழுத்து இழுத்து நிறுத்துவா. கை கொஞ்ச நேரம் என் தோளில் இருக்கும். மரம் விழுந்தபிறகும் இருக்கும்.

செப்டெம்பர் 30

முழுவதும் விழுந்தது.

ஒக்ரோபர் 9

எரித்தோம். குடியேற்றமே புகை. வல்லிபுரத்தாரைத் தூக்கிவந்து வேலியடியில் இருத்தினோம். நெருப்பைப் பார்த்துக்கொண்டு, "எத்தினை பேர் எரிச்ச இடமோ இது" என்றார். கிணற்றுச் செங்கல் என் ஞாபகத்துக்கு வந்தது. நாங்கள்தான் முதல் ஆட்கள் என்று யாரோ சொல்லி நானும் நம்பி வந்திருக்கிறேன்.

ஒக்ரோபர் 12

மழை. கொட்டில் ஒழுகுகிறது. ஒழுகும் இடத்தில் குடையை விரித்து வைத்தேன். ஐயாவின் குடைக்கு ஒரு வேலை கிடைத்தது.

ஒக்ரோபர் 21

நேற்றைக்கும் இன்றைக்கும் மழை விட்டதால் ஓவசியர் வந்தார். என் இரண்டு ஏக்கரையும் சுற்றி நடந்தார், சாம்பலுக்குள் காலை விட்டார், சரி என்றார். பெமிட் நிற்கிறது. வயலுக்கும் பெயர் எழுதுவதாகச் சொன்னார். நான் கும்பிட்டுவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனேன். இப்போது தினமும் நாலைந்து தடவை தண்ணீர் அள்ளுகிறேன். ஒரு ஆளுக்கு இவ்வளவு தண்ணீர் எதற்கு என்று மரியாம்பிள்ளை கேட்கிறார்.

மழைக்குக் கதியாலெல்லாம் துளிர்த்துவிட்டது. யாழ்ப்பாணத்தால் கொண்டுவந்த கிளுவைதான், ஐந்தாறு தரம் பிடுங்கி நட்டும் சாகவில்லை. அதை நான் பார்த்துக்கொண்டு பொட்டுக்குள் குனிந்த நேரம், ஓவசியர் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். என்னை அவர் காணவில்லை. வல்லிபுரத்தார் பாயில் இருந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார்.

"இதென்ன, இவ்வளவு வடிவாய் வேலி கட்டிப்போட்டு நடுவிலை ஒரு ஓட்டை? மாடு வருமே" என்றார் ஓவசியர்.

"மாடு வாற வழியில்லை அது" என்றார் வல்லிபுரத்தார், கயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமல். "என்ரை மருமோன் வாற வழி."

நான் பாதி இந்தக் காணியிலும் பாதி அந்தக் காணியிலுமாக வளைந்து நின்றேன். முன்னுக்குப் போவதா பின்னுக்குப் போவதா என்று தெரியவில்லை. நிமிர்ந்தால் நெற்றி இடிக்கும். கிணற்றடியில் நின்ற தையல் வந்து என் கையிலிருந்து வாளியை வாங்கினா.

"இன்னும் பத்து வருசம் கிடக்கு" என்றா. "குனிஞ்சு வாங்கோ."